பதினாறில் நிற்கும் பாட்டு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
4-11-2024

பாசமும் பயாலஜியும் நிறைந்த அக்கா ஏலவார்குழலிக்கு,

(இதை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் வார்டன் மேடத்துக்கு முதல் வணக்கம். மேடம், உறைக்குள் அதிரசம் எதுவும் இல்லை. முகர்ந்து பார்க்க வேண்டாம்.)

போன் வைத்துக்கொள்ளக் கூடாத விடுதி, வருஷம் முழுக்க நீட் பரீட்சை! முட்டைக்குப் பேர்போன ஊரில் உன்னை அடைகாக்கிறார்கள். பொரிந்து டாக்டராக வா. ஆனால் தீபாவளிக்கும் வராமல் அடையிலேயே உட்கார்ந்திருந்ததை நான் மன்னிக்கவில்லை. உன் பங்கு சங்கு சக்கரத்தை நானே விட்டேன். ஒன்று அப்பா வேட்டிக்குள் போனது. அப்பாவுக்கு இவ்வளவு நன்றாக ஆட வரும் என்று தெருவுக்கே அன்றுதான் தெரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் அந்தக் காலையில் அம்மா தலையில் பல்லி விழுந்தது. தலையில் விழுந்தால் வீட்டில் சாவு என்று அலறியவள், உடனே போய்ப் பெருமாள் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டால்தான் தோஷம் போகும் என்று உன்னை ஸ்கூட்டியைக் கிளப்பச் சொன்னாள். வழியில் வேகத்தடையில் விழுந்தாள். அதுவரை உனக்குத் தெரியும். ஆகஸ்டில் நீ ஒருநாள் வந்து அழுதுகொண்டு நின்றுவிட்டுப் போன பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது.

பேச்சு பாதி, ஞாபகம் முக்கால் போனது போனதுதான். காலையில் மாத்திரை போட்டதை மறந்து மறுபடி கேட்பாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே யாரோ வைத்த மாதிரி பார்ப்பாள். போன மாதம் நரம்பு டாக்டர் ஒரு யோசனை சொன்னார். "பேச்சு போற ரோடு அடைச்சிருக்குதுமா. பாட்டு சந்து சந்தா பூந்து வந்துடும். தெனம் அரை மணி பாட வச்சுப் பாருங்க."

சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, எல்லாம் போட்டோம். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அப்பா தறியில் சேலைக்குக் கோபுரக் கரை போட்டுக்கொண்டிருந்தபோது, அந்தச் சத்தத்துக்கு அம்மாவின் வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது. அதே ராகம். இருபது வருஷம் அப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாக் கட்டையை எறிந்துகொண்டே எண்ணுவாளே, கோபுரம் ஏறப் பதினாறு வரை, இறங்கப் பதினேழிலிருந்து என்று இழுத்து இழுத்து! எண்கள் எல்லாம் போய்விட்டன. ராகம் மட்டும் இருக்கிறது.

உன் தங்கை சும்மா இருப்பாளா? காலி பாட்டிலில் சரக்கு ஊற்றினேன்:

நீல மாத்திரை நாஸ்டாக்கு முன்னே
வெள்ளை மாத்திரை சோத்துக்குப் பின்னே
பாலு பொங்குனா பாத்திரம் போச்சு
கேஸை மூடு கேஸை மூடு

பிடித்துக்கொண்டாள் அக்கா! மூன்று வாரமாக மாத்திரை தப்பவில்லை. பாடிக்கொண்டே அடுப்பை அணைக்கிறாள். அப்பா ஒரு மூலையில் போய் மூக்கைச் சிந்தினார். சளி என்றார்.

ஒன்றே ஒன்றுதான் வேடிக்கை. நேற்று மத்தியானம் நாலு வரியும் முடிந்த பிறகு அம்மா நிறுத்தவில்லை. ஐந்தாவதாக ஒன்று பாடினாள்.

மேல இருந்து விழுந்தது என்ன

இது நான் எழுதியதில்லை. உன்னைத் தேடி வந்த பேயாக இருக்குமோ? பொங்கலுக்காவது வந்து கூட்டிப் போ.

பேய்க்கு அஞ்சாத,
சங்கரி

---

11-11-2024

சங்கரிக்கு,

கடிதம் கிடைத்தது. வார்டன் சிரித்துக்கொண்டே கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாத்திரைப் பாட்டு நல்ல காரியம். உன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த முதல் காரியம் என்றும் சொல்வேன். ராகம் மூளையின் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பல இடங்களில் சிதறி இருக்கும். அதனால்தான் ஒரு பக்கம் அடிபட்டாலும் முழுதாக அழிவதில்லை. எங்கள் பாடத்தில் இது அரைப் பக்கம்தான் வருகிறது.

ஆனால் ஒன்று. ஐந்தாவது வரியை நீ எழுதிக் கொடுக்கவில்லை என்று சத்தியமாகச் சொல். அம்மாவை வைத்து உன் கோமாளித்தனத்தைக் காட்டாதே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அன்று அம்மா தலையில் விழுந்த பல்லியை நீ பார்த்தாயா? நான் சமையலறையில் இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் வந்தேன்.

ஏலவார்குழலி

---

காஞ்சிபுரம்
18-11-2024

முழுப்பெயர் போட்டுக் கையெழுத்திட்ட மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

கடிதமா, வருமான வரி நோட்டீஸா?

சத்தியம். நம் ஏகாம்பரநாதர் மாமரத்து மேல் சத்தியம். அந்த வரி என்னுடையது இல்லை. என்னுடையதாக இருந்தால் எதுகையாவது இருக்கும்.

இப்போது இரண்டு சேர்ந்திருக்கிறது.

மேல இருந்து விழுந்தது என்ன
தலைமேல விழுந்தா தாங்குமா வீடு

தறி ஓடினால்தான் பாடுகிறாள். என் நாலு வரியைக் கடகடவென்று முடித்துவிட்டு, இந்த வரிகள் வந்ததும் குரல் இறங்கிவிடுகிறது. அது அம்மாவின் குரல்தான். ஆனால் அம்மா அதை உபயோகிக்காத மாதிரி, குடத்துக்குள் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கு நூல் அறுந்து தறி நின்றால், பாட்டும் அந்த எழுத்திலேயே நிற்கிறது. 'தலைமே' என்று வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அப்பா முடிச்சுப் போட்டு மிதியை மிதித்ததும் 'ல' என்று தொடர்கிறாள்.

அம்மா இடத்தில் கரை நாடா எறிய வரும் பூவம்மாள் அக்கா வியாழக்கிழமை பாதியில் எழுந்துவிட்டார்.

"என்னால முடியாது பா. பக்கத்துல குந்திக்கினு பாடுது, கண்ணு மட்டும் எங்கியோ மேல பாத்துக்கினு இருக்குது. அது பாத்த எடத்த நானும் பாத்தேன். எனுக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு."

"மேல இன்னாக்கா இருக்குது? பரண்தான் இருக்குது. பழைய அட்டைப் பொட்டிதான் இருக்குது" என்றேன்.

"அதான் தெரியிதே. அப்புறம் ஏன் அதும் கண்ணு நவுந்துக்கினே போவுது?"

நாலு நாளாக அவர் வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு மணி, வந்த பின் இரண்டு மணி, நான்தான் கரை நாடா எறிகிறேன். பதினோராம் வகுப்பு அக்கவுண்டன்ஸியைவிட இது மேல்.

சுவரில் ஒரு பல்லி வேறு. ஒவ்வொரு வரி முடிந்ததும் ச்சு ச்சு ச்சு என்கிறது. ஆமாம் ஆமாம் என்று சொல்வதாக அப்பா கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

இங்கே வெயில். எனக்குக் குளிர்கிறது.

சங்கரி

---

27-11-2024

சங்கரி,

இன்று மாதிரித் தேர்வு. எழுதி முடித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆகஸ்டில் நான் வந்தபோது அம்மா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "யாரு அது, யாரு அது" என்று சைகையில் கேட்டாள். உன்னைத் தெரிந்தது. பூவம்மாள் அக்காவைத் தெரிந்தது. கீரைக்காரரைக்கூடத் தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் என்னை மட்டும் கத்தரித்து எடுத்த மாதிரி இருந்தது. வண்டி ஓட்டியவள் நான்தானே, சரியாகத்தான் கத்தரித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதனால்தான் தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வருவதாக இல்லை. அம்மா இன்னொரு முறை அப்படி ஒளிவதை என்னால் பார்க்க முடியாது.

நீ பயப்படுவது புரிகிறது. ஆனால் பாட்டை நிறுத்தாதே. வரிசையாக வருகிறது, கவனித்தாயா? அவள் பேய் பிடித்துப் பாடவில்லை. அந்தக் காலையை முதலிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொண்டு வருகிறாள். வரட்டும்.

பல்லியைப் பற்றிக் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

குழலி

---

காஞ்சிபுரம்
6-12-2024

அக்கா,

வரட்டும் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். எதிரே உட்கார்ந்திருப்பது நான்.

தங்கத்தைத் தொடணும் வெள்ளியைத் தொடணும்

இது போன வாரம். ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தந்திரம் செய்தேன். கரை நாடாவை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். நாடா இல்லை என்றால் தறி இல்லை, தறி இல்லை என்றால் பாட்டு இல்லை. அப்பா வீடு முழுக்கத் தேடினார். "எலி இழுத்துக்கினு போயிருக்கும்பா" என்றேன். "எலி இன்னா சேலையா கட்டப் போவுது?" என்று என்னையே பார்த்தார். என் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்குமே, திருட்டைக் காட்டிக் கொடுக்கும் சிரிப்பு, அது இல்லாததால் நம்பிவிட்டார்.

மத்தியானம் வீடே அமைதி. அப்பாடா என்று தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டக். டக்டக். டக். அம்மா எதிரே உட்கார்ந்து கரண்டியால் தட்டைத் தட்டுகிறாள். தறியின் அதே நடை. ஒரு அடிகூடப் பிசகவில்லை. முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். நான் அரிசி டிரம்மைத் திறந்து நாடாவை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். தறி ஓடினால் சத்தத்தில் பாதி வரியாவது காதில் விழாது.

இன்னொரு தந்திரமும் செய்தேன். 'ஒண்ணும் விழல ஒண்ணும் விழல' என்று அதே ராகத்தில் புதிதாக ஒன்று பாடிக் கொடுத்தேன். மாத்திரைப் பாட்டை மூன்று நாளில் பிடித்துக்கொண்டவள் இதை வாயிலேயே வாங்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இடமும் வலமுமாக, மெதுவாக.

இன்று அடுத்த வரி வந்தது.

பரண் மேல

அவ்வளவுதான். நூல் அறுந்தது. அப்பா முடிச்சுப் போட்டார். மின்சாரமும் போய் உள்ளே இருட்டானதால் தறியை விட்டு இறங்கிவிட்டார். அம்மா வாயைத் திறந்தபடி பரணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை தறி ஓடும்.

நான் இதற்கு மேல் எழுதவில்லை.

ச.

---

காஞ்சிபுரம்
7-12-2024

அக்கா,

நேற்றைய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டேன். இது இரண்டாவது. வார்டன் மேடம், தயவுசெய்து இதை மட்டும் படிக்காமல் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். இதில் ஜோக் எதுவும் இல்லை.

பரண் மேல சின்னவ சிரிச்சா

காலை எட்டு மணிக்குப் பாடிவிட்டாள். அப்பா நாடாவை எறிந்துகொண்டே, "இன்னாது, சின்னவளா? சங்கரியா?" என்றார். நான் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லி ச்சு ச்சு என்றது.

அது ரப்பர் பல்லி அக்கா. கோயில் வாசல் கடையில் வாங்கினது. பரணில் படுத்துக்கொண்டு அம்மா கீழே குனிந்து பெருக்கும்போது போட்டேன். பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு புலம்புவாள், சிரித்துவிட்டுக் கீழே இறங்கி உண்மையைச் சொல்லலாம் என்றுதான். ஆனால் அவள் அலறினதும் நீ ஓடிவந்ததும் இரண்டு பேரும் கிளம்பினதும் எல்லாம் ஒரு நிமிஷத்தில் நடந்துவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். சரி, கோயில் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வரட்டும், வந்ததும் சொல்லலாம், இன்னும் பெரிய சிரிப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் வரவில்லை.

அன்று சாயங்காலம் அந்த ரப்பர் பல்லியைத் தேடினேன். இல்லை. தறிக்குழிக்குள், நூல் மூட்டைக்குள், துடைப்பத்துக்குள், எங்கேயும் இல்லை. ஆறு மாதமாகத் தேடுகிறேன். சில நாள் நான் போட்டது ரப்பர்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது. சுவரில் கத்துகிறதே, அதுதான் இதுவோ என்று ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

நீ உன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வராமல் இருக்கிறாய். அது தெரிந்தும் நான் அதிரசத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் இன்று சொல்லிவிட்டேன். அவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டுத் தறியை விட்டு இறங்கினார். பிறகு, "அக்காவுக்கு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

சங்கரி

---

20-12-2024

சங்கரி,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அதனால்தான் தாமதம்.

நீ தேடிய பல்லி என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அம்மாவை ஸ்கேனுக்கு உள்ளே அனுப்பும்போது, அவள் மேலிருந்து கழற்றியவற்றை நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். தாலி, இரண்டு தோடு, மூக்குத்தி, நாலு கொண்டை ஊசி, ஒரு ரப்பர் பல்லி. கொண்டைக்குள் சிக்கியிருந்ததாம். "இது இன்னாம்மா?" என்றார். "எங்க வீட்டுதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த நிமிஷமே தெரியும். நீ சொல்வாய் என்று ஒரு வாரம் பார்த்தேன். ஒரு மாதம் பார்த்தேன். உன்னைப் பார்த்தால் நானே கத்திச் சொல்லிவிடுவேன் என்பதற்காகவும்தான் இங்கே வந்தேன். எனக்கு உன் மேல் இருந்த கோபம் சாதாரணமானது இல்லை. இப்போதும் முழுதாகப் போகவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் வேகத்தடையை நான் பார்த்தேன் சங்கரி. காலையில் இதென்ன மூடநம்பிக்கை என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினேன். பார்த்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. பல்லி உன்னுடையது. வேகம் என்னுடையது. இரண்டையும் ஒருவர் தலையிலேயே கட்ட முடியாது.

அப்பாவிடம் நீயே சொன்னாய் அல்லவா, அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

பாட்டு அதோடு முடிந்துவிட்டதா?

குழலி

---

காஞ்சிபுரம்
27-12-2024

அக்கா,

ஆறு மாதமாக நான் தேடிய ஒரு ஜந்து நாமக்கல் விடுதியில் இலவசமாகத் தங்கிப் படித்திருக்கிறது. எனக்கு முன்னால் அது டாக்டராகிவிடும். (மன்னித்துக்கொள். வாய் தானாக வருகிறது. நேற்று முழுக்க அழுதேன், அதையும் சேர்த்துப் படித்துக்கொள்.)

பாட்டு முடியவில்லை. என்னைப் பற்றிய வரிக்குப் பிறகு இரண்டு வாரம் எதுவும் புதிதாக வரவில்லை. அந்த வரியோடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிடுவாள். அப்புறம் திங்கட்கிழமை எண்கள் வந்தன. ஆறு மாதமாகக் காணாமல் போயிருந்த எண்கள்! ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அந்த ராகத்திலேயே. பூவம்மாள் அக்காகூட வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

ஆனால் அது அம்மா தறியில் எண்ணுகிற எண்ணிக்கை இல்லை அக்கா. யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு எண்ணுகிற மாதிரி இருக்கிறது. இடையிடையே வேறு வார்த்தைகள் வருகின்றன. அம்மா குரலில்தான் வருகின்றன, ஆனால் அம்மா யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டாள்.

ஒண்ணு ரெண்டு, கண்ண மூடாத
மூணு நாலு, எண்ணும்மா எண்ணு
அஞ்சு ஆறு, இங்க பாரும்மா

இப்படியே போய்ப் பதினாறில் நிற்கிறாள். நூல் அறுவதில்லை, தறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கோபுரம் உச்சியில் நிற்கிறது. இறங்கவே மாட்டேன் என்கிறது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதை மேலே தூக்கிக் காத்திருக்கிறாள். கீழே படுத்திருக்கிறவர் மேலே குனிந்திருக்கிறவர் பேசுவதைக் கேட்கிற மாதிரி.

"பதினேழு" என்றேன் நான், ராகத்தோடு. தலையை ஆட்டினாள்.

"நீ இல்ல" என்றாள்.

பேசினாள் அக்கா! ராகம் இல்லாமல் பேசினாள். அப்பா சொல்லிப் பார்த்தார். பூவம்மாள் அக்காவும் வாசலிலிருந்தே சொன்னார். எல்லோருக்கும் அதே பதில். நீ இல்ல, நீ இல்ல. தினமும் பதினாறு வரை வந்து, அப்படியே காதைக் கொடுத்து உட்கார்ந்துவிடுகிறாள். நேற்று ஒரு மணி நேரம் இருந்தாள். சோற்றுக்குக் கூப்பிட்டதும் எழுந்தாள். சுவரில் பல்லிகூடச் சத்தம் போடவில்லை. அதுவும் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள்? அந்த வார்த்தைகள் யாருடையவை? விழுந்த நிமிஷமே நினைவு தப்பிவிட்டது, அதற்குப் பிறகு எதுவும் கேட்டிருக்காது என்று டாக்டர் சொன்னாரே.

சங்கரி

---

3-1-2025

சங்கரி,

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அப்பாவிடமும் டாக்டரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வேகத்தடையில் விழுந்ததும் சாலையோரம் அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. கண் செருகிக்கொண்டு போனது. தூங்கவிடக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. சண்டை போட்டுக்கொண்டு வந்த வாயில் வேறு எதுவும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து தறிப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய காதில் இருந்தது அந்தக் கோபுரக் கரைப் பாட்டு ஒன்றுதான். அவள் காதருகே குனிந்து அதைப் பாடினேன். கண்ண மூடாத, எண்ணும்மா எண்ணு, இங்க பாரும்மா. அவளிடம் ஓர் அசைவும் இல்லை. ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பதினாறு சொன்னபோது ஆட்டோ வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். நான் அதோடு நிறுத்திவிட்டேன்.

முகத்தை மறந்தவள் அதை வைத்திருக்கிறாள். ஆகஸ்டில் நான் வாயையே திறக்காமல் அழுதுகொண்டு நின்றேன். அவள் எதைக் கொண்டு என்னைக் கண்டுபிடிப்பாள்?

வார்டனிடம் விடுப்பு வாங்கிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்திருப்பார் போல. காரணம் கேட்கவில்லை. புதன்கிழமை காலை பஸ். சாயங்காலம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து தறி ஓடும் நேரத்துக்கு வந்துவிடுவேன். பல்லியையும் கொண்டு வருகிறேன். அதை அம்மா கையில் நீதான் கொடுக்க வேண்டும்.

அப்பாவிடம் சொல், நான் வாசலில் நுழையும்போது தறியை நிறுத்த வேண்டாம். நீயும் ஓடிவந்து கட்டிக்கொண்டு கத்தாதே. கரை நாடாவை விடாமல் எறிந்துகொண்டிரு. அவள் பதினாறு வரை வரட்டும். நான் பின்னால் வந்து குனிந்து நிற்கிறேன்.

பதினேழு நான் சொல்ல வேண்டியது.

அக்கா